சோழவரம் ஓடுபாதையும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கும்



போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பையன் என்றுதான் வாயில் வருகிறது, அவனுக்கே பத்தாவது படிக்கிற மகள் இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலை. "டீச்சர், ஞாயித்துக்கிழமை ஷிப்டு போனா பக்கத்துல பெரிய வண்டு கத்துற மாதிரி சத்தம் கேக்குது. கேட்டா ரேஸ் டிராக்குங்கறாங்க. கம்பெனிங்க எல்லாம் வந்தப்புறம் கட்டினதா டீச்சர்?" என்றான். இல்லையப்பா, டிராக்தான் முதலில் வந்தது, கம்பெனிகள் அப்புறம் வந்தவை என்றேன். அவன் நம்பவில்லை. ஐந்தாம் வகுப்பிலும் அப்படித்தான், எதையும் ஒரு தரம் சொன்னால் நம்ப மாட்டான். சரி, எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் போகும். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

கதை இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கவில்லை. ஊருக்கு நேர் எதிர்த்திசையில், வடக்கே, செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் தொடங்குகிறது. சோழவரம் என்றால் உங்களுக்கு ஏரிதான் தெரியும். கோடை வந்தால் பேப்பரில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று தண்ணீர் மட்டம் போடுவார்களே, அந்தச் சோழவரம். அங்கே ஒரு விமான ஓடுபாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது போட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டான். அடுத்தது மெட்ராஸ்தான் என்று பயந்து பாதி ஊர் காலியானது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பல இடங்களில் இப்படி ஓடுபாதைகள் போட்டார்கள். உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று இன்றைக்கும் தார் வெடித்துக் கிடக்கிற நீளப் பாதைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, பாதை மட்டும் கிடந்தது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். டிவியில் ஃபார்முலா ஒன் பார்க்கிறவர்களுக்கு சில்வர்ஸ்டோன் என்ற பெயர் தெரிந்திருக்கும். அதுவும் போர்க்காலத்தில் குண்டு வீசும் விமானங்களுக்காகப் போட்ட தளம். 1948-ல் அங்கே பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. 1950 மே மாதம் உலக சாம்பியன் போட்டியின் முதல் பந்தயமே அங்கேதான். போரில் மிஞ்சிய இடத்தில் வேகப் பைத்தியங்கள் குடியேறினார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அவர்களுக்குக் கிடைத்தது சோழவரம்.

சுமார் 35 வருடம் அங்கே பந்தயம் நடந்தது. பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், வெயில் கொளுத்துவதற்கு முன்னால். எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள். கோண்டல் மகாராஜா குடும்பத்திலிருந்து வருவார்கள், கோயம்புத்தூர் மில் குடும்பங்களிலிருந்து வருவார்கள். விஜய் மல்லையா 1980-களில் என்சைன் என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரை இறக்குமதி செய்து அங்கே ஓட்டினார். அவரைப் பற்றி மற்ற விஷயங்கள் எல்லாம் உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை சந்தோக் குடும்பத்தில் மூன்று தலைமுறை இதிலேயே ஊறியவர்கள். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக், அவர் மகன் விக்கி சந்தோக், பேரன்தான் 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன கருண் சந்தோக்.

பணக்காரர் விளையாட்டு என்று சொல்வீர்கள். ஓட்டியவர்களைப் பார்த்தால் பாதி உண்மை. ஆனால் வண்டியைத் தயார் செய்தவர்களையும் வேடிக்கை பார்த்தவர்களையும் எண்ணிப் பார்த்தால் கணக்கு மாறும். அது லைசென்ஸ் காலம். வெளிநாட்டு வண்டி வாங்குவது சாதாரணமல்ல. ஆகவே ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, தகரத்தை வெட்டி, என்ஜினைக் கடைந்து, ஷெட்டிலேயே ரேஸ் காரை உருவாக்கினார்கள். அந்தக் கை வேலையெல்லாம் நம் மெக்கானிக்குகளுடையது. மெட்ராஸ் அப்போதே வண்டி செய்கிற ஊர். புல்லட் திருவொற்றியூரில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம வண்டலூரில், எம்.ஆர்.எஃப். டயரும் திருவொற்றியூரில் பலூன் கம்பெனியாகத் தொடங்கியதுதான்.

என் தாய்மாமன் வண்டலூர் ஸ்டாண்டர்டு கம்பெனியில் ஃபிட்டர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில், என்னையும் தம்பியையும் ஒரு பிப்ரவரி ஞாயிறு சோழவரத்துக்குக் கூட்டிப் போனார். "பொம்பளப் புள்ளைய அங்க எதுக்கு?" என்று பாட்டி கத்தினாள். தாம்பரத்தில் ரயில், பாரிமுனையில் பஸ், அப்புறம் நடை. சைக்கிளில் வந்தவர்கள், லாரி மேல் நின்றவர்கள், தலையில் துண்டு போட்டுக்கொண்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் என்று கூட்டம். மோர்க்காரர், வேர்க்கடலைக்காரர் எல்லாம் உண்டு, திருவிழா மாதிரி. நிழல் என்று ஒரு மரம் கிடையாது. மாமா எந்தக் காரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். "இவன் கியர் லேட்டா போடுறான். அந்த வண்டி நாலாவது சுத்துல நிக்கும் பாரு" என்றார். நின்றது. எஞ்சினைக் காதால் படிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பின்னாளில் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு நான் வாய்ப்பாடு கேட்டதும், எவன் தப்பாகச் சொல்கிறான் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வித்தை மாமாவுடையது.

சோழவரத்தின் சிக்கல் என்ன? ஓடுபாதை என்பது விமானத்துக்காகப் போட்டது. நேராக நீளும், முடிவில் சட்டென்று திரும்ப வேண்டும். நேர்பாதையில் வெறி வேகம், கடைசியில் வெறி பிரேக். ஒரு கணக்கு போடுங்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு எத்தனை மீட்டர்? 55-க்கு மேல். கண் இமைக்கிற நேரத்துக்குள் வண்டி 15 மீட்டர், அதாவது மூன்று வகுப்பறை தூரம், போய்விடும். அந்த வேகத்தில் தடம் மாறுகிற வண்டி எங்கே போய் நிற்கும்? நல்ல டிராக்கில் அதற்கென்று காலி இடம், சரளைக்கல் படுகை, டயர் அடுக்கு எல்லாம் இருக்கும். சோழவரத்தில் ஓரத்தில் இருந்தது ஜனங்கள். அதோடு அது கிளப்பின் சொந்த இடமும் இல்லை. இரவல் வீட்டில் எவ்வளவு வருஷம் கல்யாணம் நடத்துவது?

அதனால்தான் கிளப் சொந்தமாக ஒரு டிராக் கட்டியது. 1980-களின் கடைசியில் வேலை நடந்தது, 1990-ல் திறந்தார்கள். இடம் இருங்காட்டுக்கோட்டை. சோழவரம் ஏரிப் பக்கத்திலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டிய நிரந்தர டிராக்குகளில் இதுதான் முன்னோடி. அப்போது அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இன்றைக்கு இருக்கிற பெரிய கார் தொழிற்சாலைகள் எதுவும் வரவில்லை. ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை 1998-ல்தான் வெளியே விட்டது. ஆகவே தம்பி, உன் சந்தேகத்துக்கு விடை இதுதான். 8 வருஷம் முன்னாடியே அங்கே வண்டு கத்திக்கொண்டிருந்தது.

இங்கே ஒருவரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை. அவர் நினைத்திருந்தால் மல்லையா மாதிரி வெளிநாட்டுக் கார் இறக்கி ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. அப்போதுதான் மாருதி 800 ஊரெல்லாம் ஓட ஆரம்பித்திருந்தது. அதன் என்ஜினை வைத்து ஓர் ஆள் உட்காரும் ரேஸ் காரை 1988 வாக்கில் வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், குறைந்த செலவு. யார் அப்பாவிடம் பணம் அதிகம் என்பது போய், யார் நன்றாக ஓட்டுகிறான் என்பது கொஞ்சமாவது தெரிந்தது. பள்ளியில் சீருடை எதற்கு என்று கேட்பீர்களே, அதே காரணம்தான். கரிவரதன் 1995-ல் சிறிய விமானம் ஒன்று விழுந்து இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவர் பெயர்தான். கரி என்றால் யானை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மருமகன் நம் குடும்பத்தில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் இருங்காட்டுக்கோட்டையில் கற்றுக்கொண்டார். 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது இடம். டயர் பிரச்சினையால் அன்று ஆறே கார்கள்தான் ஓடின என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், வரலாறு என்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். நடிகர் அஜித் குமாரும் இந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நம் தெருவிலேயே வெடி போட்டார்கள். போட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு, இருங்காட்டுக்கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் என்ற தொடரில் ஓட்டினான். 2019 பிப்ரவரியில் ஜேமி சாட்விக் என்ற இங்கிலாந்துப் பெண் அதே தொடரின் சாம்பியன் பட்டத்தை நம் சென்னை டிராக்கில்தான் வென்றாள். ஆண்களோடு போட்டியிட்டு. பாட்டி இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

ஆனாலும் ஃபார்முலா ஒன் பந்தயம் மட்டும் சென்னைக்கு வரவில்லை. அது 2011-ல் டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் கட்டிய புத்தா சர்வதேச டிராக்குக்குப் போனது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளம், கண்ணைப் பறிக்கும் கேலரி. முதல் நாள் பயிற்சியில் ஒரு தெரு நாய் பாதையில் நுழைந்து, உலகமே டிவியில் பார்த்தது. மூன்று வருஷம் நடந்தது, 2013-க்குப் பிறகு நின்றுவிட்டது. இது விளையாட்டா கேளிக்கையா என்று வரிச் சண்டை, பணச் சிக்கல். கட்டின கம்பெனியே கடனில் மூழ்கியது. இருங்காட்டுக்கோட்டைக்கு அந்த மாதிரி ஜொலிப்பு ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் 1990 முதல் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தோன்றும். மண்டபத்தில் ஒரு நாள் விளக்கு எரியும், வீட்டில்தான் தினமும் சமைக்கிறார்கள்.

தினமும் சமைப்பது சுலபமில்லை. தார் வெயிலில் இளகும், வடகிழக்குப் பருவமழையில் ஊறும், பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உலகச் சங்கம் பாதுகாப்பு விதியை மாற்றும்போதெல்லாம் தடுப்பை, ஓரத்தை, காலி இடத்தை மாற்ற வேண்டும். இது அரசாங்கம் கட்டின டிராக் இல்லை, ஒரு கிளப்பின் சொத்து. டிக்கெட் பணத்தில் இதையெல்லாம் செய்ய முடியாது. டயர் கம்பெனி, பைக் கம்பெனிகள் பணம் போட்டால்தான் பந்தயம். கடந்த சில வருடங்களாக மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறினாலும் ஸ்ரீபெரும்புதூர் ஆட்டோக்காரருக்கு அது ரேஸ் டிராக்தான்.

2023-ஆம் ஆண்டு அந்த டிராக்குக்கு மோசமான வருடம். ஜனவரி 8-ம் தேதி கார் பந்தயத்தில் 59 வயது அனுபவசாலி ஒருவர் இறந்தார். எத்தனையோ வருடமாக ஓட்டி வந்தவர். ஆகஸ்ட் 5-ம் தேதி பைக் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுவன். வயது 13. திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துவிட்டான். மீதிப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள்.

13 வயது என்றால் எட்டாம் வகுப்பு. என் வகுப்பில் எட்டாவதுப் பிள்ளைகள் பென்சிலுக்குச் சண்டை போடுவார்கள். இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். விளையாட்டுக்காரர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஸ்பெயின், இத்தாலியில் இதைவிடச் சின்ன வயதில் தொடங்குகிறார்கள், இல்லாவிட்டால் உலக அளவில் நிற்க முடியாது. வீணை, நீச்சல் எல்லாமே சின்ன வயதில்தானே. ஆனால் அந்த ஐரோப்பாவிலேயே 2021-ல் மட்டும் மூன்று பதின்வயதுப் பிள்ளைகள் பைக் பந்தயத்தில் இறந்தார்கள். உலகச் சங்கம் வயது வரம்பை உயர்த்தியது. 2023-லிருந்து உலக சாம்பியன் பந்தயத்துக்கு 18. நீச்சலில் தப்பு செய்தால் மூச்சு வாங்கும், இதில் தப்பு செய்தால் திருத்த இடமில்லை. எட்டாவது படிக்கிற பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குள் விடக்கூடாது என்பதுதான் என் கருத்து. டிராக் பிள்ளைகளில் சிலர் என்னோடு சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

ஆனால் அந்த டிராக்கை மூடிவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் நம் மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலை. ராத்திரி 11 மணிக்கு மேல் பெரும்பாக்கத்தில் இருக்கிற யாரையும் கேளுங்கள். சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓ.எம்.ஆர். பக்கம் சீறிக்கொண்டு போகிற சத்தம். போலீஸ் பிடிக்கிறது, வண்டியைப் பறிக்கிறது, மறுவாரம் வேறு பையன். என்னிடம் படித்த ஒருவன் அந்தச் சாலையில்தான் முழங்காலுக்குக் கீழே இழந்தான். நல்ல கை அவனுக்கு, எந்த மோட்டாரையும் பிரித்துக் கோப்பான். அவனுக்கு ஹெல்மெட் போட்டு, தோல் உடுப்பு மாட்டி, எதிரே லாரி வராத ஒரு பாதையில் ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஒரு இடம் 40 கிலோமீட்டருக்குள் இருந்தது. அது அவனுக்கும் தெரியாது, வகுப்பெடுத்த எனக்கும் அப்போது சொல்லத் தோன்றவில்லை.

பணம் இல்லாதவன் அங்கே போக முடியுமா என்று கேட்பீர்கள். கார் என்றால் முடியாது, உள்ளதைச் சொல்கிறேன். பைக் என்றால் கொஞ்சம் வழி உண்டு. கம்பெனிகள் ஒரே மாதிரி வண்டியைக் கொடுத்து, புதியவர்களைத் தேர்ந்தெடுத்து ஓட்டவிடும் போட்டிகள் 1990-களிலிருந்தே நடக்கின்றன. சென்னையின் ஜெகன் குமார், ரஜினி கிருஷ்ணன் போன்ற தேசிய சாம்பியன்களின் பேட்டிகளைத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக தீவுத்திடல். 2023 டிசம்பரில் அங்கே தெருவிலேயே கார் பந்தயம் என்று அறிவித்தார்கள். நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை சுற்றி 3.5 கிலோமீட்டர், 19 திருப்பம், இரவில் விளக்கு வெளிச்சத்தில். அதற்குள் மிக்ஜாம் புயல் வந்தது. நம் பெரும்பாக்கத்தில் படகு ஓடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நான் மூன்று நாள் மாடியில் இருந்தேன். பந்தயம் தள்ளிப்போனது. அரசுப் பணம் செலவாகலாமா, இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கும்போது ஊருக்குள் எதற்கு என்று வழக்கும் நடந்தது. கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடத்தினார்கள். முதல் நாள் உலகச் சங்கத்தின் பாதுகாப்புச் சான்று வருவதற்கே நேரமாகி, எல்லாம் தாமதம்.

ஓய்வுக்குப் பிறகு நான் சாயங்காலம் இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். அவர்களில் சிலர் தீவுத்திடல் பக்கம் கூவக்கரையில், சத்தியவாணி முத்து நகரில் பிறந்தவர்கள். 2019 டிசம்பரில் தொடங்கிக் கூவம் சீரமைப்புக்காக அங்கிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். ரேஸுக்காக அல்ல, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாரும் தப்பாகப் பரப்ப வேண்டாம். ஆனால் அந்த ராத்திரி போனில் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குழந்தை, "டீச்சர், இந்த ரோட்டுலதான் நாங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டோம்" என்றாள். எல்லாக் காரும் அந்தத் திருப்பத்தைத் தாண்டும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தத் திருப்பத்தில் மேடு இருக்கிறது, எங்கே மணல் சேரும் என்று அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வர்ணனைக்காரர்களுக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

அந்தப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம் வழி. மணிமங்கலத்தில்தான் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியைத் தோற்கடித்தான், வண்டியை நிறுத்தி அதையும் ஐந்து நிமிஷம் சொல்வேன், தப்ப முடியாது. 12 பிள்ளைகள், ஒரு வேன் போதும். கார் கம்பெனிக்காரத் தம்பி, அடுத்த தேசியப் பந்தயம் எந்தத் தேதி என்று டிராக் கேட்டிலேயே விசாரித்துச் சொல். கூட வர விரும்பும் பழைய மாணவர்கள் கையைத் தூக்கலாம். மதியத்துக்குத் தயிர்சாதம் என் பொறுப்பு.

அப்புறம் ஒன்று. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் சோழவரம் ரேஸ் படம் ஏதாவது இருந்தால் தேடிப் போடுங்கள். மாமா எடுத்த படங்கள் 2015 வெள்ளத்தில் போய்விட்டன.